பொம்மைக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடி

குடவாசலில் நடந்த ஒரு கல்யாணத்தில் தியாகராசன் ஐயா சாப்பிட உட்கார்ந்தார். கண் ஆபரேஷன் ஆகி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண் முன்பே மங்கல். ஊரில் மதிப்பான மனிதர். இலையில் கை தடவுவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டு, வெறும் சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தார். தலைமைச் சமையல்காரரான இளையபெருமாள் அண்ணன் அடுப்படியிலிருந்து இதைப் பார்த்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்து இலையில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

“என்னப்பா பரிமாறுறீங்க? இடது ஓரத்துல உப்பு. அதுக்குப் பக்கத்துல பச்சடி. அதை ஒட்டிக் கூட்டு. நடுவுல பொரியல். வலது ஓரத்துல வடை, அது மேலயே அப்பளத்தை வேற சாத்தி வச்சிருக்கீங்க. இப்படி வச்சா மனுசன் எப்படிய்யா சாப்பிடுவான்?”

எப்போதும் வைக்கிற மாதிரிதான் வைத்திருந்தார்கள். பாவம், பரிமாறியவர்கள் முழித்தார்கள். தியாகராசன் ஐயாவின் கை மட்டும் நேராகப் பச்சடிக்குப் போனது. பிறகு கூட்டுக்கு. பிறகு வடைக்கு. பாயசம் வரும்வரை அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில் காய் நறுக்கப் போயிருந்த எனக்கு அது திட்டு இல்லை என்று புரிந்தது.

இப்படிப்பட்ட மனிதரின் கண்ணுக்கே ஒரு சோதனை வந்தது. அதுவும் எங்கே? உலகத்தின் கடைசிக் கோடியில், தென்துருவத்தில்.

குடவாசல் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர் தென்துருவத்துக்கு எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். நாகூர்க்காரர் ஒருவர் மூலமாக முதலில் கப்பலில் சமையலுக்குப் போனார். கப்பலில் வந்த ஒரு அதிகாரி அவருடைய வத்தக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “பனிக்கண்டத்துல நம்ம நாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க ஒரு வருஷம் சமைக்க வர்றியா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் உடனே தலையை ஆட்டிவிட்டார். வீட்டில் வந்து சொன்னபோது அம்சம் அண்ணி நம்பவில்லை.

“ஐஸ்பெட்டியைத் திறந்தாலே தும்முற ஆளு. இவரு பனிக்கட்டி மேல குடியிருக்கப் போறாராம்” என்றார்.

ஊர் நம்பியது. டீக்கடை குணசேகரன் கடைவீதியில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு பேனர் வைத்தார். ‘தென்துருவம் செல்லும் சமையல் சக்கரவர்த்தி’ என்று கொட்டை எழுத்து. ஒரு பக்கம் பென்குவின், ஒரு பக்கம் வெள்ளைக் கரடி, நடுவில் கரண்டியோடு அண்ணன். அங்கே கரடியே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கரடியோடு நின்று பாதி ஊர் போட்டோ எடுத்துக்கொண்டது. மாலை போட்டு, மேளம் வைத்து, பேருந்து ஏற்றினோம். அது ஐப்பசி கடைசி. அந்தப் பேனர்தான் பின்னால் அவரைப் படாத பாடு படுத்தியது.

இனி எழுதுவது அண்ணன் என்னிடமும் அண்ணியிடமும் பல தடவை சொன்னது. ஒவ்வொரு தடவையும் அதில் வருகிற ஒரு பறவை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது. நான் முதல் தடவை சொன்ன அளவையே எழுதுகிறேன்.

அவர் போய் இறங்கிய கொஞ்ச நாளில் அங்கே சூரியன் மறைவதே நின்றுவிட்டது. கார்த்திகையிலிருந்து தை பிறக்கும்வரை அங்கே இரவே கிடையாது. சூரியன் மேலே ஏறும், தாழ இறங்கும், ஆனால் மறையாது. பகவான் வானத்தைச் சுற்றிப் பிரதட்சிணம் வந்துகொண்டே இருப்பாராம். மற்றவர்கள் தூக்கம் வரவில்லை என்று சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். நம் அண்ணனுக்கு மட்டும் வேறு ஒன்று தோன்றியது.

ஓயாமல் வெயில். மழை கிடையாது. தூசி கிடையாது. காக்கை கிடையாது. வடாம் போட இதைவிட நல்ல இடம் உலகத்தில் உண்டா?

நிலையத்தில் எழில்மொழி என்று ஒரு பெண் இருந்தார். திருவாரூர்ப் பக்கம், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வானத்தில் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் அளப்பதுதான் அவருக்கு வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது அவர் எல்லோருக்கும் சொன்னார்: “இன்னைக்கு ஓசோன் ஓட்டை நம்ம தலைக்கு நேர் மேல இருக்கு. வெளியில போறவங்க கறுப்புக் கண்ணாடி இல்லாம போகாதீங்க. மூஞ்சிக்கு க்ரீம் தடவிக்குங்க.”

அண்ணன் சட்டினியை ஊற்றிக்கொண்டே கேட்டார்: “ஓட்டை எங்கம்மா இருக்கு? காட்டு, ஏணி போட்டுத் தைச்சுடறேன்.”

“தைக்கிற ஓட்டை இல்லண்ணே. நீங்க மாவு சலிக்கிறீங்கள்ல, அந்தச் சல்லடை மாதிரின்னு வச்சுக்குங்க. சூரிய வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வருது. புற ஊதாக் கதிர். அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். ரொம்ப உயரத்துல ஓசோன் அதைச் சலிச்சு, கொஞ்சத்தை மட்டும்தான் கீழ விடும். இந்தத் துருவத்துல மட்டும் வருஷா வருஷம் அந்தச் சல்லடையில நூல் பிரிஞ்சு போவுது.”

“யாரு பிரிச்சா?”

“நாமதான். பழைய ஃபிரிட்ஜு, ஏசி, ஸ்பிரே டப்பா, இதுல எல்லாம் இருந்த வாயு மேல போய்த் தங்கிடுச்சு. குளிர்காலத்துல இங்க வானத்துல உச்சியில ஒரு தினுசு மேகம் வரும். அதுல உக்காந்து அந்த வாயு விஷமா மாறும். சூரியன் திரும்பி வந்ததும் ஓசோனைத் தின்ன ஆரம்பிச்சுடும். ஆவணி, புரட்டாசியில பிரியும், ஐப்பசி, கார்த்திகைக்குள்ள பொதுவா மூடிக்கும். இந்த வருஷம் இன்னும் மூடலை. சூரியனோ மேல ஏறிக்கிட்டே போவுது. சல்லடையும் கிழிஞ்சு, சூரியனும் ஏறினா என்ன ஆவும்? போன வாரம் ஓட்டை அந்தப் பக்கம் நகர்ந்திருந்துச்சு, மீட்டர்ல இந்தக் கதிர் பாதிதான் காட்டுச்சு. இன்னைக்கு அதுல ரெண்டு பங்கு காட்டுது.”

“ஓட்டை நகருமா?”

“சுத்திக்கிட்டே இருக்கும்ணே. சில நாள் நீண்டு போய்த் தென் அமெரிக்காக் கடைசியில இருக்கிற ஊருங்க மேலகூட நிக்கும். அங்க மத்தியானத்துல வெளியில வராதீங்கன்னு சொல்லிடுவாங்க.”

அண்ணன் சிரித்தார். “ஏம்மா, சித்திரை மாசம் மத்தியானம், கோட்டை அடுப்பு மூணு எரியுது, மேல தகரக் கொட்டாய். அதுல நின்னு ஆயிரம் பேருக்குச் சாம்பார் வச்சவன் நான். இந்த வெயில்ல நின்னா காது விறைக்குது. சுடாத வெயில் எப்படிம்மா சுடும்?”

“அதுதாண்ணே விஷயமே. நம்ம ஊர்லயும் இந்தக் கதிர் நிறைய உண்டு. ஆனா கூடவே சூடும் இருக்கு. சூடு பட்டதும் நிழலுக்கு ஓடிருவோம். இங்க சூடு இல்ல. சொகமா உக்காந்துடுவீங்க.”

அண்ணன் இதை ஒரு காதில் வாங்கினார். இன்னொரு காதில் வடாம் மாவு கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அரிசி மாவும் ஜவ்வரிசியும் பச்சை மிளகாயும் போட்டுக் கூழ் கிளறி, சமையல்கட்டுக்குப் பின்பக்கம் பனியில் பாலித்தீன் விரித்து, அச்சில் பிழிந்தார். யாரிடமும் கேட்கவில்லை. பிழிந்த மாத்திரத்தில் வடாம் கல் மாதிரி ஆகிவிட்டது. ஊரில் மூன்று நாள் காய்வது இங்கே மூன்று நிமிடத்தில் காய்ந்துவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். காபி போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பினால் வடாம் இருந்த இடத்தில் கஞ்சி இருந்தது. காயவில்லை, உறைந்திருந்தது. சரி, நாள் முழுக்கக் கிடக்கட்டும் என்று முடிவு செய்தார்.

அப்போதுதான் அந்தப் பறவை வந்தது. ஸ்குவா என்று பேராம். பழுப்பு நிறம், காக்கையைவிடப் பெரிது, பருந்தைவிடத் துணிச்சல். நேராக வந்து பாலித்தீனில் இறங்கி, ஒரு வரிசை வடாத்தைக் கொத்திக்கொண்டு, அண்ணனை ஒரு பார்வை பார்த்தது. அவர் கையை வீசினார். அது நகரவில்லை. ‘சூ’ என்றார். அதற்குத் தமிழ் தெரியவில்லை.

ஊரில் வடாத்துக்குக் காக்கை வந்தால் என்ன செய்வோம்? கறுப்பாக ஏதாவது கட்டித் தொங்கவிடுவோம். அண்ணன் நீளக் கரண்டி ஒன்றைப் பனியில் நட்டார். குறுக்கே துடைப்பக் கட்டையைக் கட்டி, அதற்கு ஒரு பழைய சட்டையை மாட்டினார். தலைக்குக் கரி பிடித்த ஒரு சின்னச் சட்டியைக் கவிழ்த்தார். அப்போதும் பொம்மை சாதுவாகத்தான் இருந்தது. முறைக்கிற மாதிரி கண் வேண்டும் என்று தோன்றியது. தன் முகத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பொம்மைக்குப் போட்டார். முன்பக்கம் நீண்ட தன் தொப்பியையும் எடுத்து வைத்தார். பறவை பயந்து பறந்துவிட்டது.

பொம்மை அன்று மிகவும் பத்திரமாக இருந்தது. அதன் கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி. பக்கத்தில் காலிப் பெட்டியைப் போட்டு, வெறும் கண்ணோடு, வெறும் முகத்தோடு, வடாத்துக்குக் காவலாக அண்ணன் உட்கார்ந்தார். சமையல் வேலைக்கு மட்டும் உள்ளே போவதும் திரும்ப வந்து உட்காருவதுமாக இருந்தார். ஆஞ்சநேயர் மேல் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாராம். வெயில் பூப்போல இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்.

ராத்திரிச் சாப்பாட்டை எல்லோரும் முடித்த பிறகு கண்ணில் ஏதோ உறுத்தியது. மிளகாய் பட்ட கையால் தேய்த்துவிட்டோம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மோரில் துணியை நனைத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கண்ணிலும் ஆற்று மணலைக் கொட்டித் தேய்த்தது போல ஆகிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது. மோவாய்க்கு அடிப்பக்கமும், மூக்குத் துவாரத்து ஓரமும் எரிந்தது. எழில்மொழிதான் அவரைக் கைப்பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

“மோவாய்க்குக் கீழ எப்படிம்மா வெயில் அடிக்கும்? நான் தலைகீழா நிக்கலையே.”

“பனி கண்ணாடி மாதிரிண்ணே. மேலயிருந்து வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். நீங்க ரெண்டு சூரியனுக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க.”

அண்ணன் ஊரில் வந்து இதைச் சொன்னபோது எனக்கு உடனே விளங்கிவிட்டது. சம்பா நடவில் தண்ணீர் கட்டிய வயலில் நாள் முழுக்கக் குனிந்திருந்தால், முதுகைவிட முகம்தான் முதலில் கறுக்கும். எங்கள் வயல் தண்ணீர் திருப்புவது கொஞ்சம்தான். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் வெள்ளை.

டாக்டர் பஞ்சாப்காரர். கப்பலில் கற்ற இந்தியில் அண்ணன் அவரோடு பேசினார். டாக்டர் மருந்து ஊற்றி, இரண்டு கண்ணையும் கட்டி, இருட்டு அறையில் படுக்க வைத்தார். பனியில் பட்ட கண் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும் என்று தைரியம் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். பழைய குழுவை ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை விமானம் கிளம்புகிறது. கத்தியும் நெருப்பும் புழங்கும் வேலை இது. வெள்ளிக்கிழமை காலை கண் தெளிவாகத் தெரியவில்லை என்றால், அண்ணனும் அந்த விமானத்தில் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அண்ணனுக்குக் கண் வலிகூட மறந்துவிட்டது. கட்டுப் போட்ட கண்ணுக்குள் பேனர் தெரிந்தது. பென்குவின் தெரிந்தது. கரடி தெரிந்தது. ஊரை விட்டுக் கிளம்பி ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. போட்ட மாலையின் நார்கூட இன்னும் மட்கியிருக்காது. வடாம் போடப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தான் என்றால், தஞ்சாவூர் சில்லாவில் எந்தக் கல்யாணத்தில் அடுப்பு மூட்ட முடியும்? பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து சிரிப்பார்களே.

இதற்கு நடுவில் சமையல் நிற்கக் கூடாது என்று, அறைக் கதவைத் திறந்துவைத்து, படுத்தபடியே சமைக்கச் சொல்லிக்கொடுத்தார். படித்தவர்கள் கரண்டி பிடித்தார்கள். “கடுகு சத்தம் நின்னுபோச்சு, கறிவேப்பிலையைப் போடுங்க” என்பார். “யாரது ரசத்தைக் கொதிக்க விடறது?” என்பார். எழில்மொழி தட்டில் சோறு கொண்டுவந்து கொடுத்தார். அங்கே எல்லாம் குழி குழியாகப் பிரித்த எவர்சில்வர் தட்டு. அண்ணன் விரலால் தடவிப் பார்த்தார்.

“பரவாயில்லம்மா. இந்தத் தட்டுல யாரும் பக்கத்துல உக்காந்து திட்ட வேண்டியதில்ல” என்றார். எழில்மொழிக்கு அது என்னவென்று தெரியாது. வலியில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாராம்.

வியாழக்கிழமை அண்ணன் போன் செய்தார். அண்ணி பக்கத்தில் நானும் இருந்தேன். எப்போதும் முகம் காட்டிப் பேசுகிறவர் அன்று காட்டவில்லை.

“ஏன் மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிறீங்க?” என்றார் அண்ணி.

“நெட்டு சரியில்ல அம்சம்.”

“குரல் கிணுகிணுன்னு வருது. மூஞ்சிக்கு மட்டும் நெட்டு இல்லையா?”

அதற்குள் எழில்மொழி போனை வாங்கி உள்ளதைச் சொல்லிவிட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். “ஐஸ் ஊர்ல வெயில் பட்டுக் கண்ணு கெட்டுப்போச்சாம். இதை நான் யார்கிட்டடி சொல்லுவேன், யார் நம்புவாங்க?” என்று சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். அன்றைக்கே இரண்டு பேரும் விளக்கேற்றி வைத்து, புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துகிறோம் என்று வேண்டிக்கொண்டோம். ஆத்தாள் அம்மை முத்து போட்ட கண்ணையே திறந்துவிடுகிறவள். அவளுக்குப் பனிக்கண்டம் எட்டாத தூரமா என்ன?

விஷயம் எப்படியோ டீக்கடைக்குப் போய்விட்டது. குணசேகரன் வந்து வாசலில் நின்றார். “அண்ணி, கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமா இருக்கு. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பேனரை அவுக்கவா, இருக்கட்டுமா?”

“வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் அந்தக் கரடிமேல கை வைக்காதீங்க” என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் அறையில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். மங்கலான வெளிச்சத்துக்கு அண்ணன் மெல்ல மெல்லக் கண்ணைப் பழக்கினார். பிறகு டாக்டர் ஒரு நல்ல கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, சன்னல் பக்கம் திருப்பி, “என்ன தெரிகிறது சொல்” என்றார்.

அண்ணன் பார்த்தார்.

“வெள்ளையா இருக்கு” என்றார்.

“வேறு?”

“என் பொம்மை நிக்குது. என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிக்குது.” பிறகு அவர் குரல் உயர்ந்தது. “அந்தத் திருட்டுப் பய என் தொப்பி மேலயே உக்காந்திருக்கான். வாயில ஏதோ வச்சிருக்கான். கரண்டி மேல எச்சம் போட்டிருக்கான் பாருங்க.”

டாக்டர் எட்டிப் பார்த்தார். பறவை இருந்தது. எச்சமும் இருந்தது. அவ்வளவு தூரத்தில் எச்சம் தெரிகிறவனுக்கு வேறு சோதனை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். விமானம் அண்ணன் இல்லாமல் கிளம்பியது.

அதன் பிறகு நிலையத் தலைவர் கூப்பிட்டுக் கண்டித்தார். அங்கே பறவைகளுக்கு எட்டும்படி சாப்பாட்டை வெளியே வைக்கக் கூடாதாம், பெரிய குற்றமாம். அண்ணன் தலையைக் குனிந்து, “தப்புதான் சார்” என்றார். மிச்ச வடாத்தை, அண்ணனுக்குக் கண் கட்டிய அன்றைக்கே எழில்மொழி எடுத்து, சூடு பண்ணாத சாமான் அறையில் வைத்திருந்தார். அது அங்கேயே குளிரிலும் வறண்ட காற்றிலும் கிடந்து, ஒரு பொட்டு வெயில்கூடப் படாமல், தைக்குள் சலசலவென்று காய்ந்துவிட்டது. பொங்கலுக்குப் பொரித்தார்களாம். “வடாத்தைக் காயவைக்க வேண்டிய வெயில் என்னைக் காயவச்சுது. வடாம் பாட்டுக்கு இருட்டுல காஞ்சுது” என்று அண்ணனே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அன்று முதல் சமையல்கட்டில் புதுச் சட்டம் வந்தது. வெளியே வேலைக்குப் போகிறவர் கண்ணாடியைக் காட்டி, மோவாய்க்கு அடியில் க்ரீம் தடவியதைக் காட்டினால்தான் தோசை. எழில்மொழியே ஒருநாள் கண்ணாடியை மறந்து வந்து, வரிசையில் கடைசிக்குப் போனார்.

“இந்த ஓட்டை எப்பம்மா முழுசா மூடும்?” என்று ஒருநாள் அண்ணன் கேட்டார்.

“அந்த வாயுவை உலகம் பூரா நிறுத்திட்டாங்கண்ணே. கொஞ்சம் கொஞ்சமா சரியாகிக்கிட்டுதான் வருது. முழுசா சரியாக இன்னும் நாப்பது வருஷம் ஆவும்.”

“சரி. அப்ப வந்து வெளியில வடாம் போடறேன்.”

ஒரு வருடம் முடிந்து ஊர் திரும்பினார். பேனர் வெயிலில் வெளுத்து, கரடி மட்டும் பளிச்சென்று இருந்தது. முதல் வேலையாகப் புன்னைநல்லூர் போய்க் கண்மலர் சாத்தினோம். சந்நிதியில் அண்ணி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே, அவர் காதில் விழும்படி சொன்னார்: “ஆத்தாளுக்குக் கண்மலர் சாத்தியாச்சு. பொம்மைக்குக் கண்ணாடி சாத்தியாச்சு. இந்த மனுசனுக்குப் புத்தி எப்ப சாத்தப்போறியோ தாயே.” அர்ச்சகர் சிரித்துவிட்டார். அண்ணன் ரொம்பப் பக்தியாக மேலே பார்த்தார்.

ஊரில் இப்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மொபெட்டில் காய்கறி வாங்கப் போகிறார். சினிமா ஹீரோ என்று கேலி பேசினால், “பேசுங்க, பேசுங்க, உங்களுக்கெல்லாம் வெயில் சுட்டுச் சொல்லுது. எனக்கு அது சொல்லாம செஞ்சுது” என்பார். நடவுக்குப் போகும்போது முகத்துக்கு முந்தானையை இழுத்துக் கட்டு என்று எனக்கும் சொன்னார். கட்டிக்கொள்கிறேன்.

போன ஐப்பசியில் மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை பேனர் வேண்டாம் என்று குணசேகரனிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார். குடவாசல் பேருந்து நிலையத்தில் அண்ணியும் நானும் மட்டும்தான் வழியனுப்பினோம். அம்மன் குங்குமத்தைப் பொட்டலமாக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தேன். எனக்குப் பயம் போகவில்லை.

“அண்ணே, அந்த ஓட்டை இந்த வருசமும் தலைக்கு மேல வருமா?” என்றேன்.

பேருந்து நகர ஆரம்பித்துவிட்டது. அவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, தோள்பையைத் தட்டிக் காட்டினார்.

“வந்தா வரட்டும் தங்கச்சி. இந்தத் தடவை ரெண்டு கண்ணாடி எடுத்துக்கிட்டுப் போறேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு பொம்மைக்கு.”